நாள் பார்க்கும் நச்சுநிரல்கள்

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மூத்த நண்பர் மறைந்து ஓராண்டு நிறைந்தபின், அவருடைய மகள் எங்களை வீட்டுக்கு அழைத்தார். பரணில் பழைய வேட்டி சுற்றி வைத்திருந்த கணினியொன்றைக் காட்டி, "அப்பா இதை யார்கிட்டயும் கொடுக்கக்கூடாதுன்னே சொல்லிட்டு இருந்தாங்க. உங்ககிட்ட கொடுத்தா ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். 1998ஆம் ஆண்டு தவணையில் வாங்கிய பெட்டி. 4.3 ஜிகாபைட் வன்தட்டு, விண்டோஸ் 98. நாங்கள் நால்வர் அதைச் சுற்றி அமர்ந்திருந்தோம். எங்களில் ஒருவர் கேட்ட முதற்கேள்வி, "இன்னைக்குத் தேதி என்ன?" என்பதுதான்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அது வேடிக்கையான கேள்வி அன்று.

'சார்' என்றே அவரை எல்லோரும் அழைப்போம். பணி ஓய்வுக்குப்பின் தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர்களில் நடந்து, முதிய பெண்கள் பாடிய ஒப்பாரிப் பாடல்களை ஒலிநாடாவில் பதிந்துவந்தார். இரவில் நாடாவை ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, ஒற்றை விரலால் கணினியில் தட்டுவார். ஒரு நாடா முழுவதும் எழுத்துக்கு வந்துவிட்டால் அதன்மேலேயே அடுத்த ஊரின் பாட்டைப் பதிவார். புது நாடா வாங்கும் காசு இல்லாமல் இல்லை. 'கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே' என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவருக்கு ஊட்டியவர்கள் நாங்கள்தாம். காகிதம் செல்லரிக்கும், மை மங்கும், கணினியில் ஏறியது அழியாது என்று மேடை போட்டுப் பேசாத குறை.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. காலையில் அவர் விசையைத் தட்டினார். திரையில் கறுப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. அன்றைக்கே பல நாடுகளில் பல்லாயிரம் கணினிகள் அதே நிலையில் கிடந்தன என்பது மறுநாள் நாளிதழைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கொரியாவிலும் துருக்கியிலும் சேதம் மிகுதி, இந்தியாவும் தப்பவில்லை. 1986இல் அணு உலை வெடித்த அதே நாள் என்பதால் இதழ்கள் 'செர்னோபில்' என்று பெயர் சூட்டின. துறையினர் அழைத்த பெயர் சி.ஐ.எச்.; அதை எழுதிய தைவான் நாட்டு மாணவர் சென் இங்-ஹாவின் பெயரெழுத்துகள் அவை. உலகமெல்லாம் டிசம்பர் 31 நள்ளிரவை எண்ணி அஞ்சிக்கொண்டிருந்த ஆண்டில், யாரும் எதிர்பாராத ஏப்ரலில் வந்து அடித்துவிட்டுப் போனது அது.

எங்களில் ஒருவர் கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிச் சென்றார். கூடவே சார் எடுத்து வைத்திருந்த பிளாப்பிகள் பதினொன்றும் போயின. கடைக்காரர் நல்லவர். ஒரு பிளாப்பியைத் தம் கணினியில் திறந்து பார்த்தார். திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் தலைகீழ்க் குறிகளுமாகக் குப்பை. "இதையும் வைரஸ் தின்னுட்டுது சார்" என்றார். வேறு கணினிகளுக்குப் பரவிவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்வோடு பதினொன்றையும் அழித்து வெற்றாக்கினார். வன்தட்டையும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார். எங்கள் நண்பர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். இருநூறு ரூபாய்க் கூலி.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுவோம். அந்தப் பிளாப்பிகளில் நச்சுநிரல் இருந்திருக்கவே முடியாது. சி.ஐ.எச். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் நிரற்கோப்புகளில் மட்டும் ஒட்டும். எழுதிய ஆவணத்தில் ஒட்டாது. கடைக்காரர் கண்ட குப்பை, தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கோப்பு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்த குப்பை. ஆளுக்கோர் எழுத்துரு, கடைக்கொரு விசைப்பலகை என்றிருந்த காலம். சார் பயன்படுத்திய எழுத்துருவை அங்கே நிறுவியிருந்தால் ஒப்பாரி ஒப்பாரியாகவே தெரிந்திருக்கும்.

வன்தட்டின் கதை இதைவிடக் கொடிது. அந்த நிரல் செய்ததெல்லாம் தட்டின் தொடக்கத்திலிருந்து ஒரு மெகாபைட் அளவைச் சுழியங்களால் நிரப்பியதுதான். (சில வகைத் தாய்ப்பலகைகளில் பயாஸையும் கெடுத்தது, சாரின் பலகை அவ்வகையன்று.) 4.3 ஜிகாபைட்டில் ஒரு மெகாபைட் என்பது நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பெரிய நூலகத்தின் வாசற்கதவையும் பட்டியற் பேரேட்டின் முதற்சில பக்கங்களையும் கொளுத்துவது போன்ற வேலை. நூல்கள் அலமாரிகளில் அப்படியே இருக்கும். அன்றைய விண்டோஸ் 98 தட்டுகளில் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை இரண்டு படிகளாக எழுதப்பட்டிருந்தது. இந்த அளவுள்ள தட்டில் இரண்டாம் படி அழிந்த பகுதிக்கு அப்பால் இருக்கும். அதைக்கொண்டு ஏறத்தாழ எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். அதற்கென்றே எழுதிய சிறு மென்பொருள்கள் அவ்வாண்டே இலவசமாக வெளிவந்தன. மறுபடி வடிவமைத்தபோது அந்த இரண்டாம் அட்டவணையும் போயிற்று. நச்சுநிரல் கதவைக் கொளுத்தியது. பேரேட்டை நாங்கள் கொளுத்தினோம்.

சார் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. "பாடினவங்க இருக்காங்கள்ல, திரும்பக் கேட்டுக்கிடலாம்" என்றார். மறுபடி நடந்தார். சிலர் இருந்தார்கள். சிலர் இல்லை. இருந்தவர்களும் முன்பு பாடியதையே பாடவில்லை. ஒப்பாரி என்பது மனப்பாடச் செய்யுள் அன்று. யார் இறந்தார், யார் கேட்கிறார் என்பதற்கேற்ப ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. போனது போனதுதான்.

இத்தனைக்கும் பிறகு எங்களுக்குத் தோன்றிய கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை. நாள் குறித்துத் தாக்கும் நச்சுநிரல்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாம் நாளைத்தான் பார்க்கிறோம். அது பஞ்சாங்கத்தில் மரணயோகம் பார்ப்பதைப்போல் ஆகிவிட்டது. முதல்நாள் இரவு ஒரு சோதனை, மறுநாள் கணினியைத் தொடாத விரதம், அதற்கடுத்த நாள் நிம்மதி. நாள் என்பது அறுவடை நாள். விதைப்பு அதற்கு முன்பே, பெயரில்லாத ஏதோ ஒரு செவ்வாயிலோ புதனிலோ, நண்பர் கொடுத்த குறுந்தகட்டைப் போட்டபோது நடந்து முடிந்துவிட்டது.

இந்தச் சடங்கு எப்படித் தொடங்கியது என்பதற்கு 1992ஐப் பார்க்கவேண்டும். 'மைக்கலாஞ்சலோ' என்ற நிரல் மார்ச் 6 அன்று தட்டின் தொடக்கப் பகுதிகளை அழிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். நிரலுக்குள் அந்த ஓவியர் பெயர் எங்கும் இல்லை. அவர் 1475இல் பிறந்த நாள் அது என்பதைக் கவனித்து வைத்த பெயர். ஐம்பது இலட்சம் கணினிகள்வரை பாதிக்கப்படலாம் என்று நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் விற்ற ஜான் மெக்கஃபி சொன்னதை உலக நாளிதழ்கள் முதற்பக்கத்தில் போட்டன. அந்நாள் வந்தது, பாதிக்கப்பட்டவை பத்தாயிரம் இருபதாயிரம் என்ற அளவில் நின்றன. இந்த வேற்றுமை மக்கள் மனத்தில் என்ன செய்திருக்கும்? அடுத்த முறை 'இதுவும் அப்படித்தான்' என்று சொல்ல வைத்திருக்கும். ஏழாண்டுகள் கழித்து ஏப்ரல் 26 வந்தபோது அதுவே நடந்தது.

அந்த மைக்கலாஞ்சலோவின் இயல்பிலேயே சடங்கின் பொய்மை விளங்கும். அது கணினியைத் தொடங்கும் கணத்தில் மட்டும் தேதியைப் பார்க்கும். மார்ச் 5 இரவு தொடங்கிய கணினியை அணைக்காமல் விட்டிருந்தால் 6ஆம் தேதி முழுவதும் ஒன்றும் ஆகாது. கடிகாரச் சில்லு இல்லாத பழைய எக்ஸ்.டி. கணினிகளில் அது நாளையே அறியாது. ஆனால் தொற்றைப் பரப்பிக்கொண்டே இருக்கும். சேதமடையாத கணினி நலமான கணினி என்று பொருளில்லை.

முன்னாளிரவுச் சோதனையும் அப்படித்தான். 1987இல் கண்டறியப்பட்ட 'ஜெருசலேம்', 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று இயக்கும் நிரல்களையெல்லாம் அழிப்பது. அதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒட்டிய கோப்பு 1813 பைட் பருக்கும்; சில கோப்புகளில் திரும்பத் திரும்ப ஒட்டி ஊதிப்போகும். கணினியே மந்தமாகும். கண்ணுள்ளவர் கண்டுகொள்வார். சி.ஐ.எச். அப்படியன்று. விண்டோஸ் நிரற்கோப்புகளுக்குள் பயன்படாமல் கிடக்கும் இடைவெளிகளைத் தேடி, தன் ஏறத்தாழ ஆயிரம் பைட் உடலைத் துண்டுபோட்டு அவற்றில் செருகிக்கொள்ளும். கோப்பின் அளவு ஒரு பைட்டும் மாறாது. அதோடு, நினைவகத்தில் அது உயிரோடிருக்கும்போது எந்த நிரற்கோப்பைத் திறந்தாலும் அதில் தொற்றும். சோதனை மென்பொருள் என்ன செய்கிறது? தட்டிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறது. எனவே ஏப்ரல் 25 இரவு பதற்றத்தோடு பழைய சோதனை மென்பொருளை ஓடவிட்டவர், கணினி முழுவதும் நோயைத் தம் கையாலேயே தெளித்தவராகவும் ஆகியிருக்கலாம். சந்தேகப்படும் இயங்குதளத்தின்மீது நின்றுகொண்டு அதைச் சோதிக்கக் கூடாது, வெளியிலிருந்து வரும் தூய வட்டைக்கொண்டு தொடங்கிய பிறகே சோதிக்கவேண்டும் என்பது டாஸ் காலத்திலேயே தெரிந்த பாடம். அவசரத்தில் யார் நினைத்தார்?

தேதியை மாற்றி வைத்துத் தப்பிக்கும் உபாயமும் அன்று பரவலாகச் சொல்லப்பட்டது. 26ஐத் தாண்டி 27க்குத் தாவிவிடுவது. சி.ஐ.எச்.சின் ஒரு வகை ஒவ்வொரு மாதமும் 26இல் தாக்கியது. எத்தனை மாதம் தாவுவது? தாவினால் அன்றைக்கு எழுதிய கோப்புகளெல்லாம் பொய்த்தேதி சுமக்கும். ஒரு கவிதையின் எந்த வரைவு முந்தியது என்பதற்குக் கோப்பின் தேதியை நம்பியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் சிறிய இழப்பன்று. பின்னால் வந்தவை கடிகாரத்தை நம்புவதையே விட்டுவிட்டன. 2009 ஏப்ரல் 1 என்று உலகம் நடுங்கிய 'கான்ஃபிக்கர்', கணினியின் தேதியைப் பார்க்காமல் பெரிய இணையதளங்களைக் கேட்டுத் தேதியை அறிந்துகொண்டது. அந்த நாளில் பெரிதாக எதுவும் நடக்கவும் இல்லை. அது இடம்பிடித்திருந்த கணினிகள் மட்டும் அதன் பிடியிலேயே தொடர்ந்தன. 2012 ஆகஸ்ட் 15 அன்று சவூதி அராம்கோ நிறுவனத்தின் ஏறத்தாழ முப்பதாயிரம் கணினிகளை அழித்த 'ஷமூன்' நிரலிலும் நாளும் நேரமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தன. அந்நாளை எந்த நாளிதழும் முன்னறிவிக்கவில்லை. நமக்குச் சொல்லப்படும் நாட்கள் வேறு. குறிக்கப்படும் நாட்கள் வேறு.

எழுதுகிறவர்களுக்கு எல்லாவற்றிலும் நெருக்கமான எதிரி 2006இல் வந்தது. 'நிக்செம்' என்பது அதன் பெயர். 'காமசூத்ரா' என்ற கவர்ச்சிப் பெயரும் உண்டு, மின்னஞ்சலில் ஆபாசப் படம் என்று ஆசைகாட்டி நுழைந்ததால். பிப்ரவரி 3இல் தொடங்கி ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி, கணினி தொடங்கி அரைமணி கழித்து வேலையைத் தொடங்கும். இயங்குதளத்தைத் தொடாது. வேர்டு ஆவணம், எக்செல், பி.டி.எஃப்., ஜிப் என்று நாம் உழைத்துச் சேர்த்தவற்றை மட்டும் தேடிச்சென்று, பெயரும் இடமும் மாறாமல், உள்ளடக்கத்தை நீக்கி 'டேட்டா எரர்' என்று தொடங்கும் ஒற்றை வரியை எழுதி வைக்கும். கதவைக் கொளுத்தும் வேலையன்று. அட்டைகளை அடுக்கில் விட்டுவிட்டு உள்ளேயிருக்கும் தாள்களைக் கிழித்தெறியும் வேலை. தொற்று மிகுந்திருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. முன்னெச்சரிக்கைகளால் உலகளவில் சேதம் அஞ்சியதைவிடக் குறைவாக முடிந்தது. ஆனால் அதன்பின் வந்த மார்ச் 3ஐ யார் நினைவு வைத்திருந்தார்கள்? ஏப்ரல் 3ஐ?

எதிர்வாதம் எங்கள் குழுவுக்குள்ளேயே உண்டு. அந்த ஒரு நாள் பயமாவது இருப்பதால்தானே மக்கள் கோப்புகளைப் படியெடுக்கிறார்கள், அதையும் ஏன் கெடுக்கிறீர்கள் என்பார் ஒரு நண்பர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2006 பிப்ரவரி 2 இரவு எங்களில் மூவர் குறுந்தகடு எழுதினோம். அதற்குமுன் ஈராண்டுகளாக எழுதவில்லை. பயம் இல்லையென்றால் சோம்பல்தான் வெல்லும். எனினும் அந்த மூன்று குறுந்தகடுகளில் ஒன்று பிறகு எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. எழுதியதோடு நிம்மதியடைந்து உறங்கிவிட்டோம், திறந்து பார்க்கவில்லை. பயத்தில் செய்த காரியம் பயம் தெளிந்ததும் முடிந்துவிடுகிறது.

நம் மரபில் இதற்கு நேரான கதை இருக்கிறது. ஆடிப் பதினெட்டு வந்தால் வீட்டில் கிடக்கும் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டுவிடுவது புண்ணியம் என்று நம்பிய குடும்பங்களைப் பற்றி உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். எந்த நிரலாளரும் எழுதித் தராமலே ஆண்டுதோறும் இயங்கிய அழிவு. அதையும் மீறிச் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன என்றால், ஒவ்வொரு வீட்டிலும் நாள் பார்த்துக் காவல் இருந்ததால் அன்று. ஒரே நூலின் படிகள் வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத வீடுகளில் இருந்ததால். ஓரூரில் ஆறு கொண்டுபோனது இன்னோர் ஊரில் மடத்து அலமாரியில் இருந்தது. ஐயர் ஒப்பிட்டுப் பார்த்தது அப்படிப் பல ஊர்களிலிருந்து வந்த படிகளைத்தான். 'படி' என்ற சொல்லையே நாம் மறந்து 'பேக்கப்' என்கிறோம்; சொல்லோடு வழக்கமும் போயிற்றோ என்னவோ.

கணினியைச் சோதிப்பது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சோதிக்கவேண்டியது நாளை ஒட்டி அன்று என்கிறோம். அதைவிடவும், சோதிக்கவேண்டியது கணினியை மட்டுமன்று, படியை. வேறொரு வீட்டில், வேறொரு கணினியில், கணினியோடு ஓயாது இணைந்து கிடக்காத ஒரு தட்டில் இருக்கும் படி இன்று திறக்கிறதா? திறந்தால் தமிழாகத் தெரிகிறதா? எழுத்துருவையும் கூடவே வைத்திருக்கிறோமா, ஒருங்குறிக்கு மாற்றிவிட்டோமா? திஸ்கியிலும் அதற்கு முந்தைய தனியார் எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்யப்பட்ட எத்தனையோ சிற்றிதழ்ப் பக்கங்கள் இன்னும் குறுந்தகடுகளில் உறங்குகின்றன. நச்சுநிரல் தீண்டாமலே அவை கடைக்காரர் கண்ட குப்பையாகிக்கொண்டிருக்கின்றன.

பரணிலிருந்து இறங்கிய பெட்டிக்கு வருவோம். தேதி கேட்ட நண்பருக்கு இன்னொருவர், உள்ளிருக்கும் மின்கலம் செத்திருக்கும், கணினி 1980 ஜனவரி 1 என்றுதான் நினைத்துக்கொள்ளும், தைரியமாகப் போடலாம் என்றார். நாங்கள் போடவில்லை. விண்டோஸ் ஒருமுறை எழுந்தால்கூடத் தட்டில் தற்காலிகக் கோப்புகளை எழுதும். எழுதும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அது கேட்பதில்லை. வன்தட்டை மட்டும் கழற்றி, மாற்றியொன்றின் வழியே லினக்ஸ் ஓடும் கணினியில், எதுவும் எழுத முடியாதபடி இணைத்து, தட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்தோம். அதைப் பெருக்கி மூன்று வீடுகளில் வைத்தோம். அதற்குப் பிறகுதான், படியின்மேல், நச்சுநிரல் சோதனை. விளையாட்டு நிரல்கள் இரண்டில் சி.ஐ.எச். இருந்தது. 1999இல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிய பிறகு, யாரோ கொடுத்த குறுந்தகட்டிலிருந்து மறுபடி வந்திருக்கிறது. சார் அந்தக் கணினியை 2005வரை பயன்படுத்தினார். அத்தனை ஏப்ரல் 26களையும் அது எப்படிக் கடந்தது என்று தெரியவில்லை. 'அந்த நாளில் அப்பா கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டாங்க' என்றார் மகள்.

இரண்டாம் முறை தட்டச்சு செய்த பாடல்கள் நலமாக இருந்தன, ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

ஆனால் வடிவமைப்பு என்பது அட்டவணையை வெற்றாக்குமேயன்றி, அடுக்கிலிருக்கும் ஒவ்வொன்றையும் அழிப்பதில்லை. அவர் கணினியைச் சிக்கனமாகப் பயன்படுத்தியவர். தட்டின் பெரும்பகுதியில் பிறகு எதுவும் எழுதப்படவே இல்லை. அந்த வெற்றிடங்களில் பழைய எழுத்துருவின் குறிகளைத் தேடும் சிறு நிரலொன்றை எங்கள் குழுவின் இளையவர் எழுதினார். இதுவரை முப்பத்தொரு துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சில நான்கு வரி, சில இரண்டு பக்கம். பாடியவர் பெயரும் ஊரும் சில துண்டுகளின் தலைப்பில் இருக்கின்றன. இரண்டாம் நடையில் அவர் காண முடியாமற்போனவர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. ஒரு துண்டு பாட்டின் நடுவில் தொடங்கி நடுவிலேயே நிற்கிறது. அதன் மிச்சம் விண்டோஸை மறுபடி நிறுவிய இடத்துக்கு அடியில் இருக்கிறது.